பாலம் நிற்பது மணலுக்குக் கீழே

2018 ஆகஸ்ட். மேட்டூர் அணை நிரம்பி, காவிரியில் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கன அடி தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் பெரும்பகுதியை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். திருச்சியில் திருவானைக்காவலையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைக்க அப்போது கொள்ளிடத்தின் மேல் இரண்டு பாலங்கள் அருகருகே நின்றன. ஒன்று 1928-இல் கட்டிய இரும்புப் பாலம். மற்றது 88 கோடி ரூபாய் செலவில் கட்டி 2016-இல் திறந்த புதுப் பாலம். வெள்ளம் ஏறிய சில நாட்களிலேயே பழைய பாலத்தின் தூண்களில் விரிசல் கண்டது. பிறகு தூண்கள் ஒவ்வொன்றாகச் சரிய, மேல்தளத்தின் ஒரு பகுதியும் ஆற்றோடு போனது.

உயிர்ச்சேதம் இல்லை. புதுப் பாலம் திறந்ததுமே பழையதில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். காலையிலும் மாலையிலும் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள்தான் அதன் மேல் போய்வந்துகொண்டிருந்தார்கள். விரிசல் தெரிந்ததும் அவர்களையும் தடுத்தாயிற்று. இரண்டு ஆண்டுக்கு முன்பு இதே வெள்ளம் வந்திருந்தால் பேருந்தும் லாரியும் ஓடிக்கொண்டிருந்த பாலம் அது.

தொண்ணூறு வயதுப் பாலம், விழத்தான் செய்யும் என்று பலரும் அன்று சொன்னார்கள். ஆனால் அந்தப் பாலத்தைச் சாய்த்தது வயது மட்டுமல்ல. அதன் அடியில் என்ன நடந்தது என்று பார்த்தால், தமிழ்நாட்டில் ஆற்றைக் கடக்கும் ஒவ்வொரு நெடுஞ்சாலைக்கும் பொருந்துகிற கதை அது.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். நடுவில் இருக்கும் தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். ஆகவே திருச்சி நகருக்குள்ளிருந்து வடக்கே போக இரண்டு ஆறுகளைத் தாண்டியாக வேண்டும். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து சிந்தாமணி வழியாகக் காவிரிப் பாலம் ஏறி மாம்பழச் சாலையில் இறங்க வேண்டும். அங்கிருந்து திருவானைக்காவலைக் கடந்து கொள்ளிடம் பாலம். அதைத் தாண்டினால் நம்பர் 1 டோல்கேட். அந்த முனையில் சாலை மூன்றாகப் பிரியும். நேரே போனால் சமயபுரம், பெரம்பலூர், சென்னை. இடது பக்கம் காவிரியின் வடகரையை ஒட்டி முசிறி, நாமக்கல், சேலம். வலது பக்கம் லால்குடி, அரியலூர், சிதம்பரம். தெற்கே மதுரையும் புதுக்கோட்டையும் தஞ்சாவூரும். இத்தனை ஊர்ச் சாலைகளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருப்பவை இந்த இரண்டு பாலங்கள்தான்.

நகருக்குக் கிழக்கே புறவழிச்சாலை வந்த பிறகு நெடுந்தூர வண்டிகள் சஞ்சீவி நகர் வழியாகத் தனிப் பாலங்களில் இரண்டு ஆறுகளையும் கடந்துவிடுகின்றன. ஆனால் உள்ளூர்க்காரருக்கும், கோயிலுக்கு வருகிறவருக்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருந்து இந்தப் பக்கம் வேலை பார்ப்பவருக்கும் பழைய வழிதான் வழி.

இரண்டு ஆறுகளுக்கும் குணம் வேறு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் அதிகம். அதனால் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடவே பார்க்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணல் மேவி மேடேற, கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போனது. தஞ்சைப் பாசனமே கைவிட்டுப் போகும் நிலை. அதைத் தடுக்கத்தான் 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். இளகிய மணலில் எப்படி அடித்தளம் போடுவது என்பதைக் கல்லணையிடமிருந்து கற்றதாக அவரே எழுதியிருக்கிறார். பெருங்கற்களை மணலில் போட்டு, அவை அரிப்பில் தாமாகவே கீழே இறங்கி ஊன்றிய பிறகு அவற்றின் மேல் மறுபடி கற்களை அடுக்குவதுதான் கல்லணை கட்டியவர்களின் உத்தி. ஆற்று மணலோடு சண்டை போடாமல் அதன் போக்கிலேயே கட்டிய அந்த அறிவு வியக்க வைக்கிறது.

இன்றைக்கு வெள்ள காலத்தில் காவிரியைக் காப்பாற்ற உபரி நீரையெல்லாம் கொள்ளிடத்தில்தான் விடுகிறார்கள். கொள்ளிடம் ஆண்டில் பல மாதங்கள் வெறும் மணல்வெளி. வெள்ளம் வந்தால் முழு வேகத்தில் கடல் நோக்கிப் போகும் வடிகால். அதன் நடுவே தூண் நிறுத்துவது எளிய வேலையில்லை.

மணலாற்றில் தூண் எப்படி நிற்கிறது? பாறை எட்டாத ஆழத்தில் இருக்கும் ஆறுகளில் இந்தியப் பொறியாளர்கள் நெடுங்காலமாக நம்பிவருவது கிணற்று அடித்தளம். கோடையில் ஆறு வற்றியதும் மணலின் மேல் ஒரு கான்கிரீட் வளையத்தை வைப்பார்கள்; அதன் அடி விளிம்பு கத்தி போல் கூராக, இரும்புத் தகடு பதித்திருக்கும். வளையத்துக்குள் இருக்கும் மணலைத் தோண்டி எடுக்க எடுக்க, தன் எடையாலேயே வளையம் கீழே இறங்கும். மேலே சுவரை உயர்த்திக் கட்டுவார்கள், உள்ளே தோண்டுவார்கள், மறுபடி இறங்கும். இப்படி மாதக்கணக்கில் போகும். ஒரு பக்கம் களிமண்ணும் மறுபக்கம் மணலும் இருந்தால் கிணறு சாயும். சாய்ந்ததை நிமிர்த்த, இறங்காத பக்கத்தில் கூடுதலாகத் தோண்டுவார்கள், எடை ஏற்றுவார்கள். வேண்டிய ஆழம் வந்ததும் அடியைக் கான்கிரீட்டால் அடைத்து, உள்ளே மணல் நிரப்பி, மேலே மூடி போட்டு, அந்த மூடியின் மேல் தூணை எழுப்புவார்கள். பாலத்தில் போகிறவர் கண்ணுக்குப் படுவது அந்தத் தூணின் மேல்பாதி மட்டுமே. இப்போது கிணற்றுக்குப் பதிலாகத் துளையிட்டு இறக்கும் பைல் தூண்களும் பரவலாக வந்துவிட்டன. எதுவானாலும் பிடிமானம் சுற்றியிருக்கும் மணலில்தான்.

அந்த மணலை வெள்ளம் சும்மா விடுவதில்லை. வேகமாக வரும் தண்ணீர் தூணில் மோதும்போது ஒரு பங்கு கீழ்நோக்கிப் பாயும். அடியில் சுழன்று, தூணின் இரு பக்கமும் வளைந்து ஓடும். அந்தச் சுழல் தூணின் காலடியிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு போகும். கடற்கரையில் அலை திரும்பும்போது நிற்பவரின் பாதத்துக்கு அடியிலிருந்து மணல் நழுவுவதைப் போல. இதற்குப் பொறியியலில் அரிப்பு என்று பெயர். உலகெங்கும் பாலங்கள் விழுவதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இது.

அரிப்பின் கெட்ட குணம், அது தடயத்தை அழித்துவிடும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது குழி மிக ஆழமாக இருக்கும். வெள்ளம் வடிய வடிய, வண்டலும் மணலும் வந்து அதே குழியை மூடிவிடும். ஆறு வற்றிய பிறகு வந்து பார்க்கிற அதிகாரிக்குச் சமமான மணல்தான் தெரியும். ஆனால் புதிதாக வந்து படிந்த அந்த மணல் இறுகியிருக்காது. அடுத்த வெள்ளத்தில் முதலில் கிளம்புவது அதுதான். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கொஹாரி ஓடைப் பாலம் 1987 ஏப்ரலில் வெள்ளத்தின்போது இப்படித்தான் விழுந்து 10 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்த நாட்டில் ஆற்றுப் பாலங்களின் அடித்தளத்தை அரிப்புக்காகத் தனியே ஆராய்ந்து தரம் பிரிக்கும் வழக்கம் வந்தது.

இந்தியாவில் அரிப்பைக் கணக்கிட இன்றும் கைகொடுப்பது ஜெரால்டு லேசியின் சூத்திரம். இந்தியக் கால்வாய்களில் வேலை பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர் அவர். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும், மணல் எவ்வளவு பொடியானது என்ற இரண்டையும் வைத்து, வெள்ளத்தில் படுகை சராசரியாக எவ்வளவு ஆழம் அரிபடும் என்று சொல்லும் சூத்திரம் அது. தூணைச் சுற்றி அதைப்போல் இரண்டு மடங்கு அரிக்கும் என்று வைத்துக்கொண்டு, அதற்கும் கீழே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆழத்துக்கு அடித்தளம் போகவேண்டும் என்பது, சாலைகளுக்குத் தரவிதி வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரசின் விதி. கணக்கில் தாராளமான பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் ஆறு தன் இயல்பில் இருக்கும் என்ற எதிர்பார்ப்பும் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது. யாராவது படுகையையே அள்ளிக்கொண்டு போய்விட்டால்?

கொள்ளிடத்தில் நடந்தது அதுதான். பல பத்தாண்டுகளாகக் கட்டடங்களுக்கு மணல் இங்கிருந்து போனது. 2003-இல் தமிழ்நாடு அரசே மணல் குவாரிகளை ஏற்று நடத்தத் தொடங்கியது. அனுமதி பெற்று எடுத்தது ஒரு பக்கம், அனுமதியில்லாமல் எடுத்தது மறுபக்கம். ஆற்றுப் படுகை தாழ்ந்துகொண்டே போனது. தூணைச் சுற்றி இத்தனை மீட்டர் மணல் இருக்கும் என்று நம்பிக் கட்டிய பாலத்துக்கு, அந்த மணலில் ஒரு பகுதி வெள்ளம் வருவதற்கு முன்பே இல்லை. கோடையில் திருச்சிப் பக்கம் கொள்ளிடத்தில் இறங்கி, ஏதாவது பழைய தூணைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இது எளிதில் புரியும். வெயிலும் மழையும் பட்டுக் கறுத்த பகுதி மேலே முடிகிறது. அதற்குக் கீழே நிறம் வேறாக, சொரசொரப்பாக, மண் அப்பிய தடத்தோடு ஒரு பட்டை. அந்த எல்லைக்கோடுதான் ஒரு காலத்தில் ஆற்றுத் தரை இருந்த மட்டம்.

இது இங்கே மட்டும் நடந்ததல்ல. போர்ச்சுகல் நாட்டில் 2001 மார்ச் 4 இரவு, டோரோ ஆற்றின் மேலிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாலத்தின் ஒரு தூண் சரிந்தது. பேருந்து ஒன்றும் மூன்று கார்களும் ஆற்றில் விழுந்து 59 பேர் இறந்தார்கள். ஆண்டுக்கணக்கில் மணல் எடுத்ததால் தூணின் அடி பலமிழந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. துறை அமைச்சர் உடனே பதவி விலகினார். கர்நாடகத்தில் மங்களூருக்கு அருகே முல்லரபட்ணாவில் பல்குனி ஆற்றுப் பாலம் 2018 ஜூனில் விழுந்தபோதும் உள்ளூர் மக்கள் கைகாட்டியது மணல் எடுப்பவர்களைத்தான்.

திருச்சியில் புதுப் பாலத்தைக் காப்பாற்ற, தூண்களுக்கு அருகே ஆற்றின் குறுக்காகக் கான்கிரீட் தடுப்புச் சுவர் கட்டினார்கள். ஓடிப்போகும் மணலைச் சுவர் பிடித்து வைத்துக்கொள்ளும், தூணின் காலடி மூடியிருக்கும் என்பது திட்டம். 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்தச் சுவரின் ஒரு பகுதியே பெயர்ந்து போனது. அதே வெள்ளத்தில் பக்கத்திலிருந்த உயரழுத்த மின்கோபுரமும் ஆற்றில் சாய்ந்தது. கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய சுவர் ஒரு வெள்ளத்தைத் தாங்கவில்லை என்பது ஒப்பந்தக்காரரின் வேலைத்தரம் பற்றிய கேள்வி மட்டுமல்ல. மணலை முதலில் எடுக்க விட்டு, பிறகு மிச்ச மணலைப் பிடித்து வைக்கச் சுவர் கட்டுகிற வரிசையே தவறு. 1928-ஆம் ஆண்டுப் பாலத்துக்கு அந்த அநீதியைச் செய்தோம். 2016-ஆம் ஆண்டுப் பாலத்துக்கும் அதையே செய்யக்கூடாது.

பாலத்தின் மேல்பகுதி நோய்கள் வேறு வகை. அவை கண்ணுக்குத் தெரிபவை, காதுக்கும் கேட்பவை. சத்திரத்திலிருந்து காவிரிப் பாலத்தில் பேருந்தில் போன யாருக்கும் அந்தச் சத்தம் நினைவிருக்கும்: குறிப்பிட்ட இடைவெளியில் தட், தட் என்று ஒரு குலுக்கல். 1976-இல் கட்டிய அந்தப் பாலம் 541 மீட்டர் நீளம், 19 மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம், 16 கண்கள். கண்ணுக்குக் கண் தளம் தனித்தனி. வெயிலில் கான்கிரீட் நீளும், இரவில் சுருங்கும். அதற்கு இடம் விட்டு, அந்த இடைவெளியில் இரும்பும் ரப்பரும் வைத்துப் பொருத்துவது எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட். தளம் தூணின் மேல் நேரடியாக உட்காராமல் நடுவில் தாங்கிக்கொள்வது பேரிங். இவை இரண்டும் தேய்வதற்கென்றே வைத்த பொருட்கள். தேய்ந்ததும் மாற்றினால் பாலம் நீடிக்கும். மாற்றாவிட்டால் ஒவ்வொரு வண்டியின் அடியும் தளத்தின் விளிம்பிலும் தூணின் தலையிலும் இறங்கும். இடைவெளி வழியாக மழைநீர் ஒழுகி, உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

2022-இல் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க ஏறத்தாழ 7 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். முதலில் பெரிய வண்டிகளுக்குத் தடை, பிறகு நவம்பரில் எல்லா வண்டிகளுக்கும். பேரிங் மாற்றுவது நுணுக்கமான வேலை. தூணின் தலையில் ஜாக்கிகளை வரிசையாக வைத்து, பல நூறு டன் எடையுள்ள தளத்தை ஒரே நேரத்தில், ஒரே அளவில், சில மில்லிமீட்டர் மட்டும் தூக்க வேண்டும். ஒரு ஜாக்கி முந்தினாலும் தளம் முறுக்கிக்கொள்ளும். தூக்கிய இடைவெளியில் நசுங்கிய பழையதை உருவி, புதியதைச் செருகி, மெல்ல இறக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு தூணாக.

அந்த மாதங்களில் ஒரு பாலத்தின் மதிப்பு என்ன என்று ஊருக்கே தெரிந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரத்துக்குப் பத்து நிமிடத்தில் வந்தவர்கள் ஓடத்துறை, சஞ்சீவி நகர் வழியாகப் புறவழிச்சாலையைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். நெடுந்தூர லாரிகளும் நகரப் பேருந்துகளும் பள்ளி வேன்களும் ஒரே சாலையில் சேர, சஞ்சீவி நகர் சந்திப்பு திணறியது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டமும் அந்தச் சுற்று வழியில்தான் வந்துபோனது. 2023 மார்ச்சில் பாலம் திறந்தது. பிறகு அதன் பக்கத்திலேயே நூறு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் இன்னொரு பாலத்துக்கு வேலை தொடங்கியது சரியான முடிவுதான். ஒரே பாலத்தை நம்பி ஒரு தீவு இருக்கக்கூடாது.

பாலம் சாலையின் தலையெழுத்தை எப்படி மாற்றும் என்பதற்குக் கொள்ளிடத்திலேயே இன்னொரு எடுத்துக்காட்டு, கிழக்கே அணைக்கரை. 1836-இல் காட்டன் கட்டிய கீழணையின் மேல் போகும் குறுகிய பாலம்தான் சென்னை–கும்பகோணம் சாலைக்கு நெடுங்காலம் ஒரே வழி. அணை பலமிழந்தது தெரிந்ததும் கனரக வண்டிகளைத் தடுத்தார்கள். கும்பகோணத்துக்குச் சரக்கு ஏற்றி வந்த லாரிகள் மதனத்தூர்–நீலத்தநல்லூர் பாலத்தைத் தேடிச் சுற்றிப் போயின. பாசனத்துக்குக் கட்டிய அணையை நெடுஞ்சாலைப் பாலமாகவும் சுமக்க வைத்ததன் விலை அது. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலைக்காக அங்கே தனிப் பாலம் கட்டிய பிறகுதான் அந்த முடிச்சு அவிழ வழி பிறந்தது.

பழையதென்றால் ஆபத்து, புதியதென்றால் பத்திரம் என்ற கணக்கும் எப்போதும் சரிப்பட்டு வராது. மகாராஷ்டிரத்தில் மகாட் அருகே சாவித்திரி ஆற்றின் பிரிட்டிஷ் காலக் கல்பாலம் 2016 ஆகஸ்டில் வெள்ளத்தில் போனபோது, இருட்டில் வந்த இரண்டு அரசுப் பேருந்துகள் பாலம் இல்லாதது தெரியாமல் ஆற்றில் விழுந்தன. அது பழைய பாலம். ஆனால் திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையின் மேல் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைக்க 16 கோடி ரூபாயில் கட்டிய பாலம் 2024 செப்டம்பரில்தான் திறந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வர, மூன்றே மாதத்தில் அடித்துக்கொண்டு போனது. குஜராத்தில் மாஹி ஆற்றின் கம்பீரா பாலம் 2025 ஜூலையில் இடிந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அது 1985-இல் திறந்த பாலம். நாற்பது வயது ஒரு பாலத்துக்கு நடுவயதுதான். மூன்று பாலங்களுக்கும் வயது வேறு, குறை வேறு.

தமிழ்நாட்டில் சாலையும் பாலமும் ஒரு துறையிடம், தேசிய நெடுஞ்சாலை என்றால் இன்னொரு ஆணையத்திடம். ஆறும் அணையும் நீர்வளத் துறையிடம். மணல் குவாரி அனுமதி வேறு மேசையில். பாலத்தின் தளத்தை ஆராய்பவர் தளத்தைப் பார்க்கிறார். தூணைச் சுற்றி மணல் மட்டம் சென்ற ஆண்டைவிட எவ்வளவு இறங்கியது என்று அளந்து, அந்த எண்ணைக் குவாரி அனுமதி தரும் மேசைக்கு அனுப்பவேண்டிய கடமை ஒருவருக்கு இருக்கவேண்டும். செலவு அதிகமில்லை. தூணில் வண்ணக்கோடு போட்டு, அளவுகோல் பதித்து, ஆண்டுக்கு இரண்டு முறை குறித்துக்கொண்டால் போதும். தண்ணீர் நிற்கும் இடத்தில் எதிரொலிக் கருவி ஒன்றைப் படகில் வைத்து ஓட்டினால் படுகையின் வரைபடமே கிடைத்துவிடும். இந்த எண்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும். எந்தப் பாலத்தின் காலடியில் எத்தனை மீட்டர் மணல் மிச்சமிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, அதன் மேல் தினமும் போகிறவருக்கு உரிமை இருக்கிறது.

காவிரிப் பகுதியில் இந்த வேலைக்குக் காலம் தானாகவே அமைந்திருக்கிறது. வழக்கமாக ஜனவரி 28-இல் மேட்டூர் அணை பாசனத்துக்கு மூடப்படும், ஜூன் 12-இல் திறக்கப்படும். இடையே நான்கரை மாதம் ஆறு பெரும்பாலும் வறண்டு கிடக்கும். தூணின் அடிவரை நடந்து போய்ப் பார்க்கவும், பெயர்ந்த தடுப்புச் சுவரைக் கட்டவும், காலடியில் பெருங்கல் கொட்டி நிரப்பவும் கிடைப்பது அந்த நாட்கள்தான். டெண்டரும் ஒப்புதலும் முடிந்து மே மாதக் கடைசியில் ஆட்கள் ஆற்றில் இறங்கினால், வேலை பாதியில் இருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். ஆகவே மதிப்பீடும் நிதியும் டிசம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும்; பிப்ரவரி முதல் வாரத்தில் பொக்லைனும் கல்லும் கொள்ளிடத்தின் மணலில் நிற்கவேண்டும்.